வீட்டுப் பழமரங்களும் அவற்றைத் தின்ன வருபவையும்: மொரிஷியஸ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் போதும். கோயில் பந்தியில் உட்கார்ந்தாலும் கல்யாண வீட்டு வாசலில் நின்றாலும் என்னிடம் வரும் பேச்சு ஒன்றுதான்: "லெட்சி எப்படி இருக்கு? சோவ்சூரி வந்தாச்சா?" நான் விவசாய அதிகாரி இல்லை. ரோஸ் பெல் பக்கம் வீட்டைச் சுற்றி இருபது பெர்ஷ் நிலம். அதில் இரண்டு லிச்சி, மூன்று மா, ஓர் எலுமிச்சை, வாழை, தென்னை, கறிவேப்பிலை. முப்பது வருடமாக அவற்றோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை, கேட்டவர்கள் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். லிச்சியை லெட்சி, வௌவாலைச் சோவ்சூரி, நத்தையைக் கூர்ப்பா என்று நாம் பேசுகிறபடி அங்கங்கே கிரியோல் பெயர் வரும்.

காலையில் பார்த்தால் பாதிப் பழம் கீழே கிடக்கிறது. தின்றது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்பதே இல்லை. பழி நேராக வௌவால் தலையில் விழுந்துவிடும்.

விடிந்ததும், கோழியை அவிழ்த்துவிடும் முன்பே, மரத்தடிக்குப் போய்க் குனிந்து பாருங்கள். வௌவால் பழத்தை முழுதாக விழுங்குவதில்லை. மென்று சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையை உருட்டித் துப்பிவிடும். பாக்குச் சக்கை மாதிரி, அமுக்கிப் பிழிந்த உலர்ந்த உருண்டைகள் மரத்தடியில் சிதறிக் கிடந்தால் அது சோவ்சூரிதான். கடித்த பழத்தில் கோரைப்பல் இறங்கிய குழிகளும் இருக்கும்.

எலி அப்படி இல்லை. அதற்கு ஒழுங்கு அதிகம். ஒரே கிளையிலோ சுவர் மூலையிலோ உட்கார்ந்து தின்னும். தோலும் கொட்டையும் அங்கேயே குவியலாகக் கிடக்கும். பழத்தின் விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடாகச் சுரண்டிய தடம் தெரியும். பறவை என்றால் பழம் காம்பிலேயே தொங்கும், ஒரு பக்கம் மட்டும் கிண்ணம்போலக் குடைந்திருக்கும். அது பகல் வேலை. குரங்கு ஒரு கடி கடித்துவிட்டு எறியும், அடுத்ததைப் பறிக்கும், அதையும் எறியும். கூடவே இரண்டு கிளையையும் முறித்துவிட்டுப் போகும்.

கடித்த தடமே இல்லாமல், ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி, அதிலிருந்து பிசின் துளி, சுற்றிலும் மெத்தென்று அமுங்கும் தோல் என்றால் பழ ஈ. வாய் வைத்ததாகத் தெரியாது, ஆனால் என் கணக்கில் மாமரத்துக்கு அதுதான் முதல் எதிரி.

சக்கையைக் கையால் தொட வேண்டாம். எலி நடமாடும் இடத்தில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. கையுறை போடுங்கள், செருப்பில்லாமல் போகாதீர்கள்.

அரசாங்கமே வௌவாலைச் சுட்டதே. நாம் விரட்டினால் என்ன தப்பு?

விரட்டுவது வேறு, கொல்வது வேறு. இந்தப் பழந்தின்னி வௌவால் நம் தீவுக் கூட்டத்தை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாதது. இங்கே இருந்த அதன் சிறிய உறவினம் ஒன்று 19-ம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. 2015-ல் முப்பதாயிரத்துக்கு மேல், அடுத்த வருடம் இன்னும் சில ஆயிரம் என்று அரசு கொன்றது. 2018-ல் மறுபடியும் ஒரு சுற்று. அதே 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அருகிவரும் இனங்களின் வரிசைக்கு மாற்றியது. பெண் வௌவால் வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். கொன்ற கணக்கை ஈடுகட்ட அதற்கு எத்தனை வருடம் வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

இவ்வளவு கொன்றும் லிச்சி மிஞ்சியதா? முதல் இரண்டு சுற்றுக்கும் பிறகு நடந்த ஆய்வு, பழத்தோட்டக்காரர்களின் வருமானம் கூடவில்லை என்றே சொன்னது. எனக்கு ஆச்சரியமில்லை. இரவில் பத்து வௌவால் வந்தாலும் இருபது வந்தாலும் வலை இல்லாத மரத்தில் நல்ல பழம் தங்காது.

நாமாகக் கொன்றால் அது குற்றம். அடிபட்டுக் கிடக்கும் வௌவாலையும் வெறுங்கையால் தூக்காதீர்கள். பயந்தால் கடிக்கும்.

அப்படியானால் வலைதானா? எந்த வலை?

வலைதான். ஆனால் தப்பான வலை போட்டுப் பாவத்தைக் கட்டிக்கொண்டவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பல வருடம் முன்பு மலிவாகக் கிடைத்ததென்று மீன்வலை மாதிரி மெல்லிய நைலான் வலை ஒன்றை வாங்கி, மரத்தின் மேல் போர்வை போர்த்துவதுபோல் தளர்வாக எறிந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு வௌவால் அதில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. இறக்கையின் தோலில் நூல் நாலு சுற்று இறங்கியிருந்தது. பொன்னிறப் பிடரி மயிர், நாய்க்குட்டி முகம், கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்தது. கத்தரிக்கோலும் கனமான துணியும் கொண்டு வருவதற்குள் போய்விட்டது. அதே வாரம் ஒரு மைனாவும் மாட்டியது. வலையைக் கழற்றிக் கொளுத்திவிட்டேன்.

சரி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? கண்ணிக்குள் உங்கள் சுண்டுவிரல் நுழையக் கூடாது. நூல் தடிமனாக, பின்னல் வலையாக இருக்க வேண்டும். ஒற்றை இழை நைலான் வேண்டவே வேண்டாம். வெள்ளை நிறம் நல்லது. வௌவாலுக்கு இருட்டில் கண் நன்றாகத் தெரியும், வெள்ளை வலையைக் கண்டு ஒதுங்கும்.

வலை மரத்தின் மேல் படியக் கூடாது. பழத்தைத் தொட்டுக்கொண்டு வலை கிடந்தால், வௌவால் வெளியே தொங்கியபடியே வலையோடு சேர்த்துப் பழத்தைக் கடித்துவிடும். மூங்கிலோ பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயோ நட்டுச் சட்டம் கட்டி, கிளையிலிருந்து அரை மீட்டராவது தள்ளி விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அடிப்பக்கத்தைச் சுருட்டித் தண்டில் கட்டுங்கள், அல்லது தரையோடு கல் வைத்து அழுத்துங்கள். இடைவெளி விட்டால் எலி உள்ளே போய் நிம்மதியாகச் சாப்பிடும்; வெளியே இருந்து யாரும் தொந்தரவு செய்ய முடியாதல்லவா!

பூக்கும்போது போடாதீர்கள், தேனீ உள்ளே வர வேண்டும். காய் பிடித்து, நிறம் மாறத் தொடங்கும் முன்பு போடுங்கள். பழம் இறங்கிய அன்றே கழற்றுங்கள். வலை வாங்க அரசு பல பருவங்களில் மானியம் கொடுத்திருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறும். ரெடுயியில் இருக்கும் உணவு, வேளாண் ஆராய்ச்சி, விரிவாக்க நிறுவனத்தின் உங்கள் வட்டார அலுவலரைக் கேட்டால் இந்த வருடத்து நிலவரம் தெரியும்.

எங்கள் மரம் தாத்தா வைத்தது. இரண்டு மாடி உயரம். அதற்கு வலை எப்படிப் போடுவது?

போட முடியாது. முதலில் மரத்தைத் தணிக்க வேண்டும்.

இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்று தெரியும். என் மனைவி, "மாமா வைத்த மரத்தை மொட்டை அடிக்கிறீங்களா?" என்று ஒரு வாரம் பேசவில்லை. ஒரே நாளில் மொட்டை அடிக்க வேண்டியதில்லை. மூன்று வருடக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழம் பறித்து முடித்ததும், அதாவது டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, நடுவில் நேராக மேலே போகும் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பங்கு. மூன்றாம் வருடம் மரம் நாலு, ஐந்து மீட்டருக்குள் வந்துவிடும், பக்கவாட்டில் குடைபோல் விரியும். வெட்டிய வருடம் காய் குறையும், அதை மறைப்பதற்கில்லை. மே மாதத்துக்குப் பிறகு வெட்டாதீர்கள். பூ எடுக்க வேண்டிய கிளைகளை வெட்டிவிடுவீர்கள்.

தணிந்த மரம் புயலுக்கும் நல்லது. உயரத்தில் ஏறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட உறவினர் எல்லோர் குடும்பத்திலும் ஒருவர் உண்டு.

மரத்தை வெட்ட மனம் வரவில்லை என்றால், கைக்கு எட்டும் கொத்துகளுக்கு மட்டும் துணிப்பையோ வலைப்பையோ கட்டுங்கள். உச்சியில் இருப்பது வௌவாலுக்கு. என் பெரியப்பா அப்படித்தான் செய்தார், கணக்குப் பார்க்காத மனிதர்.

புயல் எச்சரிக்கை வந்தால் வலையை என்ன செய்வது?

முதல் நிலை எச்சரிக்கை வந்தவுடனே இறக்கிவிடுங்கள். வலை போட்ட மரம் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. மூன்றாம் நிலை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் ஏணியில் ஏற முடியாது. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது வலையோடு சாய்ந்த மரங்களைப் பார்த்தேன்.

விளக்கு, தகரம், பட்டாசு, பழைய சிடி?

மூன்று நாள் பலன் இருக்கும். நாலாம் நாள் வௌவால் பழகிவிடும், பக்கத்து வீட்டுக்காரர் பழகமாட்டார்.

மாங்காயை வௌவாலும் ஈயும் தொடும் முன்பே பறித்துவிடலாமா?

தாராளமாக. லிச்சிக்கும் மாவுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். லிச்சி மரத்தில் பழுத்தால்தான் உண்டு. பறித்த பிறகு அதற்கு இனிப்பு ஏறாது. மாங்காய் முற்றியிருந்தால் போதும், வைக்கோலிலோ காகிதத்திலோ சுற்றி வைத்தால் வீட்டுக்குள்ளேயே பழுத்துவிடும்.

முற்றியதா என்று பார்க்க: காம்புக்கு இரண்டு பக்கமும் தோள்கள் உயர்ந்து, காம்பு சின்னக் குழிக்குள் உட்கார்ந்ததுபோல இருக்க வேண்டும். தோலின் பச்சை கொஞ்சம் வெளுக்கும். ஒரு காயை வெட்டிப் பார்த்தால் கொட்டை கெட்டியாக, சதை வெளுப்பு மாறி மஞ்சள் ஓட ஆரம்பித்திருக்கும். காம்பை இரண்டு விரற்கடை விட்டுப் பறியுங்கள், பால் வடிந்து தோலைச் சுடாமல் இருக்கும். மெசோன் ரூஜ், தோஃபினே என்ற இரண்டு மா வகைகளையும் நான் இப்படித்தான் எடுக்கிறேன். மரத்திலேயே பழுத்ததன் மணம் இதில் வராது, ஆனால் பழம் நம் கையில் இருக்கும். முற்றாததைத் தெரியாமல் பறித்துவிட்டால் அச்சார் இருக்கவே இருக்கிறது.

வெளியே அழகாக இருக்கிறது, வெட்டினால் புழு. மருந்து அடிக்கலாமா?

மருந்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கீழே விழுந்ததைப் பொறுக்கினீர்களா?

பழ ஈ எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் ஏன் கேட்கிறேன் என்று புரியும். பெண் ஈ தோலுக்கு அடியில் முட்டை வைக்கும். புழு சதையைத் தின்று வளரும், பழம் விழும். புழு பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். கோடையில் மூன்று நாலு வாரத்துக்குள் புது ஈ எழும்பி, அதே மரத்தின் அடுத்த பழத்தில் உட்காரும். ஒரு பழத்தில் டஜன் கணக்கில் புழு இருக்கும். அழுகினதை அப்படியே விட்டுவிட்டு மேலே மருந்து அடிப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது மாதிரிதான்.

பருவத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை பொறுக்குங்கள். ஓட்டையில்லாத கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, வெயிலில் இரண்டு வாரம் வையுங்கள். வெயிலின் சூட்டில் உள்ளே எல்லாம் வெந்துவிடும். அல்லது அரை மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். எருக்குழியில் மேலாகப் போடாதீர்கள், காலி மனையில் எறியாதீர்கள், கால்வாயில் தள்ளாதீர்கள். பக்கத்துக் காலி மனையில் கொட்டிவிட்டு "எங்கிருந்துதான் இவ்வளவு ஈ வருதோ" என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். சொந்தக்காரர்கள்தான், பெயர் வேண்டாம்.

அடுத்தது பை. காய் கோழிமுட்டை அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாள் பையோ மெல்லிய துணிப்பையோ கட்டிவிடுங்கள். ஈக்கு உட்கார இடமில்லை. மரம் சின்னதாக இருந்தால் ஒரு மாலை வேலை, குழந்தைகளும் உதவுவார்கள்.

இதற்கும் மேல் தேவைப்பட்டால், புரதம் கலந்த இரை மருந்து உண்டு. அதை மரம் முழுக்கத் தெளிப்பதில்லை. இலையின் அடிப்பக்கத்தில் சில இடங்களில் மட்டும் தெளிப்பார்கள். முட்டை வைக்கப் புரதம் தேடும் பெண் ஈ அதைத் தின்று சாகும், தேனீக்கு ஆபத்து குறைவு. 1994-ல் தொடங்கிய தேசியப் பழ ஈக் கட்டுப்பாட்டுத் திட்டம் இந்த முறையைத்தான் வீட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டு வந்தது. 1996-ல் கீழைப் பழ ஈ என்ற பொல்லாத இனம் இங்கே நுழைந்தது. ஆண் ஈக்கான பொறி, புரத இரை, விழுந்த பழத்தை அழிப்பது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து சில வருடத்தில் அதைத் துடைத்தார்கள். பக்கத்துத் தீவான ரெயூனியனில் அதே ஈ 2017 முதல் நிலைத்துவிட்டது. அங்கிருந்து வரும்போது பையில் மாம்பழம் போட்டுக்கொண்டு வராதீர்கள், தயவு செய்து.

ரெயூனியன்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. விழுந்த காய்களை ஒரு சிறு கூடாரத்துக்குள் போட்டு மூடுகிறார்கள். மேலே ஒரு சன்னலில் நுண்ணிய வலை. ஈ அதில் நுழைய முடியாது. ஈயின் புழுவைத் தின்று வளரும் சின்னக் குளவி மட்டும் வெளியே பறந்துவிடும். எதிரி சிறையில், நண்பன் விடுதலை. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு.

துளசி இலையைக் கசக்கிப் பொறி வைத்தால் ஈ வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். துளசியில் இருக்கும் மெத்தில் யூஜினால் என்ற மணப்பொருள் சில பழ ஈ இனங்களின் ஆண்களை இழுக்கும். கடைப் பொறியிலும் அதே பொருள்தான். ஆனால் வருவது ஆண் மட்டும். நாலு ஆண் தப்பினாலும் பெண் ஈக்குப் போதும், முட்டை வைத்துவிடும். தெரு முழுக்க வைத்தால் பலன் தெரியும், ஒரு வீட்டில் மட்டும் வைத்தால் ஈ எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் உதவும். பாகல், வெள்ளரி, சூசு (சௌசௌ) கொடிகளைக் கெடுக்கும் ஈ வேறு இனம், அதற்குத் துளசி செல்லாது.

மாம்பூ சாம்பல் பூசியதுபோல ஆகி உதிர்கிறது. ஏன்?

சாம்பல் நோய். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, காலை குளிர்ந்தும் பகல் உலர்ந்தும் இருக்கும்போது வரும். பூங்கொத்து வெளிவரும்போதே நனையும் கந்தகம் அடித்தால் அடங்கும். வெயில் ஏறிய பிறகு அடித்தால் பூ கருகும், அதிகாலையில் அடியுங்கள்.

பூவும் பிஞ்சும் கறுத்துப்போய், இலையில் கரும்புள்ளி விழுந்தால் அது வேறு நோய், ஆந்த்ராக்நோஸ். மழைதான் அதற்குச் சொந்தக்காரன். அதனால்தான் கியூர்பிப் பக்கம் மா வைத்தவர்கள் பாவம், திரியோலே பக்கம் வைத்தவர்கள் பாக்கியசாலிகள். காய்ந்த குச்சிகளை வெட்டி எரித்து, மரத்துக்குள் காற்றும் வெளிச்சமும் போக வழி செய்து, பூக்கும் முன்பு தாமிர மருந்து ஒருமுறை அடிக்கலாம். பறித்த பழத்தை 52 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் மூழ்க வைத்து எடுத்தால், பழுக்கும்போது கறுப்பது குறையும். வெப்பமானி இல்லாமல் செய்தால் மாம்பழக் கறிதான் மிஞ்சும்.

பூத்திருக்கும்போது பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். பூச்சி வராவிட்டால் காயும் இல்லை.

கொட்டைக்குள் கறுப்பு வண்டு இருந்தது. பழத்தைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். அது கொட்டை வண்டு, சதையை அனேகமாகத் தொடாது. கொட்டையை மட்டும் தோட்டத்தில் எறியாமல் அழித்துவிடுங்கள்.

எலுமிச்சை இலை மஞ்சளாகிறது. காவடிக்குக்கூடக் காய் இல்லை.

இலையைப் பறித்து நடு நரம்பில் மடித்துப் பாருங்கள். மஞ்சள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நரம்புகளுக்கு இடையில் மட்டும் என்றால் அநேகமாகச் சத்துக்குறைவு. துத்தநாகமும் தொழு உரமும் போட்டால் தேறும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேறு மாதிரி, திட்டுத் திட்டாக மஞ்சள். காய் கோணலாக, விதை சுருங்கி, காம்புப் பக்கம் நிறம் மாறியும் அடியில் பச்சையாகவே நிற்கிறது என்றால் பசுமை நோய். அதற்கு மருந்தே இல்லை. ஆன்டிபயாட்டிக் ஊசி, வேப்பெண்ணெய், வெங்காயத் தண்ணீர் என்று யார் என்ன சொன்னாலும் மரம் தேறாது.

நோயைப் பரப்புவது கொழுந்தில் உட்காரும் குட்டிச் சாறுறிஞ்சி. ஆசிய இனம் தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். ஆப்பிரிக்க இனத்தின் குஞ்சுகள் இருந்த இலையில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் விழும். இந்தத் தீவுகளுக்கு இரண்டும் வந்து சேர்ந்தன. ரெயூனியனில் 1970களில் இந்தியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் இரண்டு ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டு வந்து விட்டார்கள், தோட்டங்கள் பிழைத்தன.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஆசிய இனத்துக்கு மிகவும் பிடித்த செடிகளில் ஒன்று எது தெரியுமா? நம் காரிப்புலே, கறிவேப்பிலைதான். அதைப் பிடுங்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை, ரசத்துக்கு எங்கே போவது? எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். கொழுந்து விடும்போதெல்லாம் கறிவேப்பிலையைச் சமையலுக்கு ஒடித்துக்கொண்டே இருங்கள். கொழுந்தில் பூச்சி கண்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்பு கலந்து மாலையில் அடியுங்கள். நோய் வந்த எலுமிச்சையை வேரோடு எடுத்துவிடுங்கள். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் அது தெருவிலுள்ள மற்ற மரங்களுக்கும் கொடுக்கும்.

இலையில் கரி பூசியது மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ சுரக்கும் தேனில் வளரும் பூஞ்சை அது. அந்தத் தேனுக்காக எறும்பு அவற்றைக் காவல் காக்கும். தண்டில் துணி சுற்றிக் கிரீஸ் தடவி எறும்பு ஏறும் வழியை மறித்தால் பாதி வேலை முடிந்தது.

ஜிஞ்சிலி வாழை நன்றாக இருந்தது, திடீரென்று அடி இலைகள் மஞ்சளாகித் தொங்குகின்றன.

தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பு வளையம் தெரிந்தால் பனாமா வாடல். பூசைக்கு நாம் தேடும் ஜிஞ்சிலி அதற்குச் சுலபமாகப் பலியாகும். அந்தப் பூஞ்சை மண்ணில் பல பத்து ஆண்டு தூங்கும். அதே குழியில் மறுபடி ஜிஞ்சிலி வைக்காதீர்கள், அந்தத் தூரிலிருந்து கன்று யாருக்கும் கொடுக்காதீர்கள், மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வாழைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வளையம் இல்லாமல் கிழங்கில் மட்டும் சுரங்கம் சுரங்கமாக இருந்தால் கூன்வண்டு. வெட்டிய வாழைத்தண்டை இரண்டாகப் பிளந்து வெட்டுமுகம் தரையில் படும்படி வையுங்கள். இரவில் வண்டு அடியில் வந்து சேரும், காலையில் புரட்டிப் பொறுக்கலாம்.

தென்னங்குருத்து கத்தரித்ததுபோல விரிகிறது.

காண்டாமிருக வண்டு. மட்கிய மரத்திலும் சாணக்குவியலிலும் பெருகும், அவற்றை ஒழியுங்கள். கம்பிக் கொக்கியால் குருத்து ஓட்டையிலிருந்து இழுத்தெடுக்கலாம். குருத்தைச் சுற்றி மணலும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து போடுவது நம் பெரியவர்கள் செய்தது, இன்றும் பலிக்கிறது.

கோந்தே, மார்த்தென், கிளி எல்லாம் வருகின்றன. சுடலாமா?

சுட வேண்டாம். கோந்தே என்பது நம் ஊர்ச் செம்மீசைச் சின்னான்தான். 1892-ல் ஒரு புயல் கூண்டை உடைத்தபோது தப்பி, தீவெல்லாம் பரவியது என்பார்கள். மார்த்தென் நம் மைனா. கரும்பைத் தின்ற செவ்வெட்டுக்கிளிகளை ஒழிக்க 1762-ல் இந்தியாவிலிருந்து கொண்டு வந்தது. நம் முன்னோர்களில் பெரும்பாலோர் கரும்புக்கு வருவதற்கு முன்பே அது வந்து வேலைக்குச் சேர்ந்துவிட்டது! புழுவும் தின்னும் பறவை, நாலு பழத்துக்காகச் சண்டை வேண்டாம்.

கிளி விஷயத்தில் கவனம். வீட்டுப் பக்கம் கூட்டமாக வருவது வெளியிலிருந்து வந்த பைங்கிளி. இங்கேயே பிறந்த மொரிஷியஸ் கிளி அதே மாதிரி பச்சைதான். 1980களில் பத்துப் பதினைந்து வரை குறைந்து, அரும்பாடுபட்டு மீட்கப்பட்டது. காட்டோரம் இருப்பவர்கள் எது எது என்று தெரியாமல் கல்கூட எறியாதீர்கள்.

குரங்குக்கு என்ன வழி?

ஷமரெல், பெல் ஓம்ப்ர் பக்கம் இருப்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வலையைக் கிழிக்கும், கதவைத் திறக்கும். நாய் உதவும். பழத்தைச் சீக்கிரம் இறக்குவது உதவும். கிராந்த் பாசான் கோயில் ஏரிக்கரையில் பிரசாத வாழைப்பழத்தைக் கையால் ஊட்டுவதை நிறுத்தினால் இன்னும் உதவும்.

நத்தைக்கு உப்பு போடலாமா? தாங் (முள்ளெலி மாதிரிச் சின்ன விலங்கு) மண்ணைக் கிளறுகிறதே?

உப்பு மண்ணைக் கெடுக்கும். கூர்ப்பாவை மாலையில் விளக்கோடு போய்க் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். ஈரப்பலகை ஒன்றை வைத்தால் அடியில் வந்து கூடும். 1960களில் கூர்ப்பாவை ஒழிக்க வேற்று நாட்டு வேட்டை நத்தையைக் கொண்டு வந்தார்கள். அது கூர்ப்பாவை விட்டுவிட்டு இந்த மண்ணின் சின்ன நத்தைகளைத் தின்றது.

தாங் கிளறுவது புழுவுக்கும் பூச்சிக்கும்தான். விட்டுவிடுங்கள்.

வௌவால் பழத்தைத் தின்னாமல் இருக்க, நாட்டு மரம் ஏதாவது வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அதைத் தின்றுவிட்டு லிச்சிக்கு வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. காட்டில் அதற்கு உணவு குறைந்ததுதான் மூல காரணம். மொரிஷியஸ் கருங்காலி உட்படப் பல காட்டு மரங்களின் விதையைப் பரப்புவது இந்த வௌவால்தான். அந்தக் காட்டை நெரிக்கும் செடிகளில் முன்னால் நிற்பது, குளிர்காலத்தில் நாம் குடும்பத்தோடு வாளி எடுத்துக்கொண்டு போய்ப் பறிக்கும் சிவப்புச் சீனக் கொய்யா. பழ ஈக்கும் அது நல்ல வீடு. காட்டில் போய்ப் பறித்துத் தின்னுங்கள், மிளகாய் உப்போடு எனக்கும் கொஞ்சம் கொண்டு வாருங்கள், ஆனால் வீட்டில் நடாதீர்கள்.

சென்னைக்குப் போகிறோம். வெற்றிலைக் கொடி, மல்லிக் கன்று, மாங்கன்று கொண்டு வரலாமா?

அனுமதி இல்லாமல் வேண்டாம். 2006-ம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, கன்று கொண்டுவர முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். புடவை மடிப்புக்குள் சுற்றி வருகிற ஒரு கறிவேப்பிலைக் கன்றில் எத்தனை முட்டை இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. இங்கேயே நல்ல கன்றுகள் கிடைக்கின்றன.

கழற்றிய வலையை அடுத்த வருடம்வரை எங்கே வைப்பது?

கழுவி, நிழலில் உலர்த்தி, சுருட்டி, உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள். நான் ஒருமுறை பெட்டியில் போட்டுக் கராஜ் மூலையில் வைத்தேன். அக்டோபரில் திறந்தால் வலையைக் கடித்துப் பஞ்சாக்கி, நடுவில் ஏழு எலிக்குஞ்சு.